சகலை பிடித்த வெளிச்சம்

இங்கே கொண்டுவந்ததும் என்னை இரண்டு படம் எடுத்தார்கள், ஐயா. நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. எடுத்த தம்பியைக் குறை சொல்லவில்லை. ஆனால் டியூப்லைட்டை உச்சந்தலைக்கு மேலே வைத்துக்கொண்டு எடுத்தால் யாருக்கும் கண் குழிக்குள் போய்விடும், மூக்குக்குக் கீழே நிழலில் ஒரு மீசை முளைத்துவிடும். பால் மணம் மாறாத குழந்தையை அங்கே நிறுத்தினாலும் ஊரெல்லாம் கன்னம் வைத்தவன் மாதிரிதான் விழும். ஆளைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் திருப்பி, எதிரே ஒரு வெள்ளை அட்டையைப் பிடிக்கச் சொல்லுங்கள். செலவே கிடையாது.

கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்கிறீர்கள். அதைத்தான் சொல்கிறேன். வெளிச்சத்திலிருந்து ஆரம்பிக்காமல் இந்த விஷயத்தைச் சொல்ல முடியாது.

நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன். “மூச்ச இழுங்க, பிடிங்க, அசையாதீங்க, விடுங்க.” நான் வாழ்க்கையில் அதிகம் பேசிய வசனம் இதுதான். என்னிடம்கூட இவ்வளவு பேசியதில்லை என்று என் மனைவி சொல்வாள். பொழுது விடிந்தால் படம், பொழுது போனால் படம். இருந்தும் என்னை ஒருவர்கூட போட்டோகிராபர் என்று கூப்பிட்டதில்லை. நான் எடுத்த படத்தை டாக்டர் திரையில் பார்ப்பார், “ம்” என்பார், அடுத்ததைத் தட்டுவார். எடுத்தவன் கை எவ்வளவு சுத்தம் என்று இதுவரை ஒரு விலா எலும்பும் சாட்சி சொன்னதில்லை.

நாற்பதைத் தாண்டினால் சிலருக்குச் சர்க்கரை வருகிறது, சிலருக்குப் பக்தி வருகிறது. எனக்குக் கேமரா வந்தது.

எல்லோரையும் போல நானும் எறும்பில்தான் ஆரம்பித்தேன். எறும்பு, பனித்துளி, துருப்பிடித்த பூட்டு. எங்கள் பகுதியில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடும் போட்டோ சங்கத்தில் சேர்ந்தேன். அங்கே எல்லோரும் தாடிக்காரர் என்று கூப்பிடும் ஒருவர்தான் நீதிபதி. ஒரு காலத்தில் பத்திரிகையில் வேலை பார்த்தவர். படத்தைப் பார்ப்பதற்கு முன் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். என் எறும்புகளைப் பார்த்துவிட்டு, “போதும்யா, எறும்புக்கே அலுத்துருக்கும். மனுஷங்கள எடு. ஒரு மாடலப் பிடி” என்றார்.

மாடலைப் பிடிப்பது எப்படி என்று அவர் சொல்லவில்லை. நான் யோசித்து, ஆஸ்பத்திரி வரவேற்பில் உட்காரும் பெண்ணிடம் மரியாதையாகவே கேட்டேன். “உங்க முகவெட்டு நல்லா இருக்கும்மா, ஒரு நாள் படத்துக்கு நிக்க முடியுமா?” அவ்வளவுதான். அன்று மதியமே நர்ஸுகளின் தலைமை அம்மா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, எனக்கு வளர்ந்த பெண் பிள்ளை இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கச் சொன்னார். எனக்குப் பிள்ளையே இல்லை என்றேன். அது இன்னும் தப்பாகப் போய்விட்டது.

ஆக, புதிதாக மாடல்களை எடுக்க விரும்புகிறவர்கள் வீட்டு ஆட்களிடமிருந்து ஆரம்பிப்பதே நல்லது. அவர்கள் புகார் கொடுக்கமாட்டார்கள். கொடுத்தாலும் தாமதமாகத்தான் கொடுப்பார்கள்.

முதலில் மனைவி. அவளுக்குக் கேமரா என்றால் அடையாள அட்டைதான். தோளை விறைத்து, தாடையை உள்ளே இழுத்து, தொலைந்துபோன ஆள் மாதிரி நிற்பாள். “சீக்கிரம் எடுங்க, அடுப்புல பால் இருக்கு” என்பாள். பால் இல்லாத நேரத்திலும் பால் இருக்கும்.

அப்புறம் அவள் தங்கை, என் மச்சினி. இரண்டு தெரு தள்ளி அழகு நிலையம் நடத்துகிறாள். கேமராவுக்கு அளவெடுத்துத் தைத்த முகம் அது. இடது கன்னத்தில் வெளிச்சம் பட்டால் போதும், மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். கேட்டவுடன் ஒத்துக்கொண்டாள். “படம் நல்லா வந்தா கடையில மாட்டிக்கலாம் அத்தான்” என்றாள். மேக்கப் அவளே போட்டுக்கொள்வாள், துணி அவளே கொண்டுவருவாள். கூடவே புருஷனையும் கொண்டுவருவாள்.

அவர் என் சகலை. டயர் கடை வைத்திருந்தவர். அவருக்கு முன்னால் அவர் சத்தம் வீட்டுக்குள் வரும். சாப்பிட உட்கார்ந்தால் கடைசித் துண்டை, “யாருக்கும் வேணாம்ல?” என்று கேட்டுக்கொண்டே எடுப்பார். டயர் தூக்கித் தூக்கி முதுகு போய்விட்டது. வலி மாத்திரையை வெறும் வயிற்றில் பெப்பர்மின்ட் மாதிரிப் போட்டுக்கொள்வார். வயிறு புண்ணாகிவிடும் என்று நான் எச்சரித்திருக்கிறேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

படம் எடுக்கும்போது வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவர் வேலை. ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி மச்சினியின் முகத்தில் விழும். “சகல, இன்னும் கொஞ்சம் சாய்க்கவா? போதுமா? கை வலிக்கல, நீங்க பொறுமையா எடுங்க.” நிஜமாகவே நன்றாகப் பிடிப்பார். அசையமாட்டார். எக்ஸ்ரேவுக்குப் பிறந்த உடம்பு.

அந்தப் படங்களைச் சங்கத்துக்குக் கொண்டுபோனேன். கலர், கூர்மை, நிழல், எல்லாம் பாடப்புத்தகத்தில் போடலாம். தாடிக்காரர் கண்ணாடியைத் துடைத்தார். வெகுநேரம் பார்த்தார். “பொண்ணு அழகா இருக்கு. ஆனா கண்ணு தொறந்திருக்கு, வீடு பூட்டிக் கெடக்கு” என்றார். மாடியே சிரித்தது. இன்றுவரை எறும்பைத் தாண்டாத ஒருவர்கூட முழங்காலில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆஸ்பத்திரியில் என் அறைக்கு வெளியே ஒரு பெஞ்ச் இருக்கிறது. உள்ளே போன ஆளுக்கு என்ன ஆச்சோ என்று சொந்தக்காரர்கள் அதில் காத்திருப்பார்கள். கதவைத் திறந்து வெளியே தலை நீட்டினால் அத்தனை முகமும் என் பக்கம் திரும்பும். அந்த முகங்களுக்கு முன்னால் எந்த மாடலும் நிற்க முடியாது. தினம் தினம் இலவசமாகக் கொட்டிக் கிடக்கிறது, அள்ளுவதற்குத்தான் அனுமதி இல்லை. ஒருமுறை கேமராவை எடுத்துப் பார்த்தேன்; ஒரு பெரியவர் என் சட்டையைப் பிடித்துவிட்டார். துக்கத்திலும் மனிதர்களுக்கு எவ்வளவு கை பலம்.

பிரச்சினை முகத்தில் இல்லை, செய்தியில் இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. முகம் தானாக ஒன்றும் செய்யாது. யாராவது அதனிடம் ஏதாவது சொல்லவேண்டும்.

ஒரு சாயங்காலம் மனைவி சமையலறை ஜன்னலோரம் கை துடைத்துக்கொண்டு நின்றாள். வெளிச்சம் பொன்னாக இருந்தது. கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டே, “போன் வந்துச்சு. உங்கம்மா போயிட்டாங்களாம்” என்றேன்.

துணி கையிலேயே நின்றுவிட்டது. வாய் லேசாகத் திறந்தது. இத்தனை வருஷம் கூடவே குடித்தனம் செய்தும் நான் பார்த்திராத ஒருத்தி அந்த முகத்துக்குள்ளிருந்து வெளியே வந்து நின்றாள். எடுத்தேன். எடுத்து முடித்தபின், “இல்ல, சும்மா சொன்னேன். படத்துக்காக” என்றேன்.

“நீங்க மனுஷனா?” என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, நான் இன்னொன்று எடுக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் படத்துக்கு முதல் பரிசு. தாடிக்காரர் கண்ணாடியைத் துடைக்கவே மறந்துவிட்டார். “எப்படிய்யா வாங்கின இத?” என்று மட்டும் கேட்டார். பொறுமையாகக் காத்திருந்தேன் என்றேன். மனைவி அந்தப் படத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தாள். கலையைக் குடும்பத்துக்குள் எதிர்பார்க்க முடியாது.

மச்சினிக்கு விஷயம் தெரிந்து விழுந்து விழுந்து சிரித்தாள். “அக்கா ஏமாந்துட்டா. என்கிட்ட நடக்காது அத்தான்” என்றாள். நடந்தது. அடுத்த முறை போஸ் கொடுத்துக்கொண்டிருந்தபோது, கடையில் தீப்பிடித்துவிட்டதாம் என்றேன். நல்ல படம்; ஆனால் கடைக்காக வரும் முகம் அவ்வளவுதான் ஆழம் போகும். அடுத்ததாக அவள் தோழிக்கு விபத்து என்றேன். அவள் என் கேமராவைப் பார்த்தாள், சிரித்துவிட்டாள். “சொல்லுங்க அத்தான், இந்தத் தடவ எந்த ஆஸ்பத்திரி?” அதற்கப்புறம் நான் என்ன சொன்னாலும் சிரிப்பு. வெளியே மழை பெய்கிறது என்றால்கூட ஜன்னலைத் திறந்து பார்ப்பாள். வீட்டில் அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. சகலை தெர்மாகோலுக்குப் பின்னாலிருந்து, “என்னையப் போட்டுத் தள்ளிடுங்க சகல, அதுக்காவது அழுறாளானு பாப்போம்” என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

சங்கத்தின் வருடாந்திரக் கண்காட்சி வந்துகொண்டிருந்தது. வாசலுக்கு நேரே ஒரே ஒரு படம் பெரிதாக மாட்டுவார்கள். தாடிக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “உன் பொண்டாட்டி படம் மாதிரி ஒண்ணு கொண்டா. அந்தச் சின்னப் பொண்ணுக்கு அந்த முகம் வந்துச்சுன்னா, வாசல் உனக்குத்தான்” என்றார். என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். பொய் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறாள். வேறு வழி என்ன இருக்கிறது?

அவசரப்படாதீர்கள், ஐயா. நான் எதையும் திட்டம் போடவில்லை. திட்டம் போடுகிற புத்தி எனக்கு இருந்திருந்தால் இந்த வயதில் சம்பளக்காரனாக இருப்பேனா. அது தானாக நடந்து என் அறைக்குள் வந்தது. ஸ்கூட்டரில் வந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சகலைக்கு வயிற்றில் சுருக்கென்று ஒரு வலி. நேராக எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார், நான் இருக்கிற தைரியத்தில். டூட்டியில் புது டாக்டர். முந்தின ஷிப்டும் அவர்தான் பார்த்திருக்கிறார்; நின்றபடியே தூங்குவார். வயிற்றை அழுத்தி, “வலிக்குதா?” என்றார். சகலை வேர்த்துக்கொண்டே, “டயரே தூக்குறேன் டாக்டர், இதென்ன” என்றார். வலிக்கு ஊசி போட்டு என்னிடம் அனுப்பினார்.

நான் அவரைத் தட்டுக்கு எதிரே நிறுத்தினேன். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். எப்போதும் போல அசையாமல் நின்றார். “சகல, சிரிக்கணுமா?” என்று கேட்டார்.

திரையில் படம் வந்தது. வலது நுரையீரலுக்கு அடியில், கல்லீரலுக்கு மேலே, மெல்லிசாக ஒரு கருப்புப் பிறை. அங்கே காற்று இருக்கக் கூடாது. இருந்தால் குடலிலோ இரைப்பையிலோ ஓட்டை என்று அர்த்தம். அன்றே வயிற்றைத் திறந்து தைத்தால் பிழைத்துவிடுவார்கள். எத்தனையோ பேருக்கு நான் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறேன். அவர்களெல்லாம் இன்றைக்கும் நடமாடுகிறார்கள். ஒருவரும் என்னைக் கூப்பிட்டு ஒரு வாய் காபி கொடுத்ததில்லை.

அவருக்குச் சற்று முன்னால், வேலைக்குச் சேர உடல்தகுதிச் சான்று கேட்டு ஒரு டிரைவர் வந்துபோயிருந்தார். கண்ணாடி மாதிரி நெஞ்சு. நான் கம்ப்யூட்டரில் இரண்டு பெயரையும் இடம் மாற்றினேன். அவ்வளவுதான். கத்தியை எடுக்கவில்லை, விஷத்தைக் கலக்கவில்லை, கையால்கூடத் தொடவில்லை. ஒரு படம் இருந்த இடத்தில் இன்னொரு படத்தை வைத்தேன்.

அந்த நேரத்தில் என்ன நினைத்தாய் என்று கேட்டீர்கள். மச்சினியின் இடது கன்னத்தை நினைத்தேன்.

புது டாக்டர் டிரைவரின் நெஞ்சைப் பார்த்தார், “ம்” என்றார், வாயு என்று எழுதி மாத்திரை கொடுத்தார். சகலை போகும்போது என் தோளில் தட்டி, “பயந்தே போயிட்டேன் சகல. நீங்க இருக்கும்போது எனக்கென்ன” என்றார்.

அதற்கடுத்த நாட்களில் வேலை முடிந்ததும் நேராக அவர்கள் வீட்டுக்குப் போனேன். கழுத்தில் கேமரா தொங்கிக்கொண்டிருக்கும்; பழக்கதோஷம். அவர் கட்டிலில் சுருண்டு கிடந்தார். சத்தம் குறைந்துகொண்டே வந்தது. சகலையைத் தெரிந்தவர்களுக்கு அதுவே பெரிய அறிகுறி. மச்சினி என்னை வாசல் பக்கம் கூப்பிட்டு, “வயிறு கல்லு மாதிரி இருக்கு அத்தான். வேற டாக்டர்கிட்ட காட்டலாமா?” என்றாள்.

“நானே படத்தப் பாத்தேன்மா. வெறும் வாயுதான். வெந்நி குடுத்துக்கிட்டே இரு” என்றேன்.

“நீங்க சொன்னா சரி” என்றாள். பாருங்கள், நான் பொய் சொன்னால் நம்பாத பெண். கேமராவைத் தூக்காமல் சொன்னால் எதையும் நம்பினாள். இதை நான் முன்பே கவனித்திருக்கவேண்டும். கவனிக்கவில்லை. அதுதான் நான் செய்த தவறு.

கடைசியில் காரியத்தைக் கெடுத்தது என் மனைவி. நான் வேலையில் இருந்தபோது தங்கையைப் பார்க்கப் போனவள், கட்டிலைப் பார்த்தாள், யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு வேறொரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டாள். அவர்கள் உடனே வயிற்றைத் திறந்தார்கள். உள்ளே எல்லாம் சீழ். செய்தி கேட்டு நானும் வேலையிலிருந்து அப்படியே அங்கே போனேன். அன்றைய பொழுது ஓடியது. மறுநாள் காலை, வெயில் ஏறிய பிறகு, சர்ஜன் கதவைத் திறந்து வெளியே வந்தார். என் சீருடையைப் பார்த்து, “நீங்க சொந்தமா?” என்றார். சகலை என்றேன். அவர் உதட்டைப் பிதுக்கி, இல்லை என்று தலையை ஆட்டினார்.

“வீட்டுக்காரம்மாகிட்ட நானே சொல்லிடுறேன் டாக்டர்” என்றேன். டாக்டர்களுக்கு இதைவிட நிம்மதியான வாக்கியம் கிடையாது. என் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

மனைவி மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். மச்சினி தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்திலேயே கிழக்குப் பார்த்த பெரிய ஜன்னல். அந்த வெளிச்சத்துக்காக நான் மாதக்கணக்கில் அலைந்திருக்கிறேன். வழக்கமாக வெளிச்சம் பிடிக்கிறவர் வர முடியாத நிலைமை. எதிரே இருந்த வெள்ளைச் சுவர் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டது.

“இங்க வாம்மா” என்று ஜன்னலோரம் கூப்பிட்டேன். எழுந்து வந்தாள். தூங்காத கண், வாரப்படாத தலை, மேக்கப் ஒரு பொட்டு இல்லை. அவளை அவ்வளவு அழகாக நான் பார்த்ததே இல்லை. கேமராவைத் தூக்கினேன். முகத்தைக் கட்டத்துக்குள் கொண்டுவந்தேன்.

“போயிட்டாரும்மா” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கேமராவைப் பார்த்தாள்.

சிரித்தாள்.

அப்படி ஒரு சிரிப்பை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். பல நாளாகப் பிடித்துவைத்திருந்த மூச்சை ஒரேயடியாக விட்டமாதிரி, முகம் முழுக்கப் பரவிய சிரிப்பு. நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். “அய்யோ அத்தான். இப்பவுமா? ஒரு நிமிஷம் எனக்கு உசிரே போயிடுச்சு.” கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதுவும் சந்தோஷத்தில். நான் சொல்லாமலே முகத்தைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பிக் கொடுத்தாள். “சீக்கிரம் எடுங்க. நான் உள்ள போய் அவரப் பாக்கணும்.”

எடுத்தேன்.

எடுத்ததும் ஒரு காரியம் செய்தேன். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் எல்லோருக்கும் இருக்கிற வியாதி அது: ஒவ்வொரு படம் எடுத்ததும் குனிந்து திரையைப் பார்ப்பது. எப்படி விழுந்திருக்கிறது என்று நான் பார்த்துக்கொண்டிருந்த அந்த இடைவெளியில் சர்ஜன் திரும்பி வந்திருக்கிறார். “தைரியமா இருங்கம்மா” என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. நான் தலை தூக்குவதற்குள் என் மனைவி மேலே வந்து தங்கையைத் தோளில் சாய்த்துக்கொண்டுவிட்டாள். எனக்குத் தெரிந்தது வெறும் முதுகும் தலைமுடியும்தான். நான் எதற்காக இத்தனை பாடுபட்டேனோ, அந்த முகம் என் மனைவியின் தோளுக்குள் போய் வீணானது.

பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். இருப்பதை விட்டுவிடக் கூடாதென்று அந்தச் சிரிப்பையே கண்காட்சிக்குக் கொடுத்தேன். ‘நிம்மதி’ என்று பெயர் வைத்தேன். வாசலில் மாட்டினார்கள். உங்கள் ஆட்கள் வந்து கழற்றும்வரை அங்கேதான் இருந்தது. தாடிக்காரர் அதன் முன்னால் நின்று, என்ன நடந்ததென்றே தெரியாமல், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

என்னைக் காட்டிக்கொடுத்தது அந்த டிரைவர். சகலையின் பிறை அவர் பெயரில் இருந்ததல்லவா. எங்கள் ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர் விடுப்பிலிருந்து வந்து சான்றுகளைப் பார்த்து, ஆளைத் தேடிப் பிடித்து ஆம்புலன்ஸில் அள்ளிக்கொண்டு வந்தார். டிரைவர் கையில் கடித்த பிஸ்கட்டோடு இறங்கி, “எனக்கு என்ன சார் ஆச்சு?” என்றார். மறுபடி படம் எடுத்தார்கள். சுத்தமான நெஞ்சு. அப்படியானால் அந்தப் பிறை யாருடையது என்று தேடிக்கொண்டே போனார்கள். தேடினால் கிடைக்காமல் இருக்க அது ஒன்றும் கடல் இல்லை.

ஆமாம், நான்தான் செய்தேன். தெரிந்தேதான் செய்தேன். பிறையைப் பார்த்தேன், பெயரை மாற்றினேன், வெந்நீர் கொடுக்கச் சொன்னேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் அந்தப் படத்தை ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள், ஐயா. சகலை செத்துக் கால்மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. உலகத்தில் எல்லோருக்கும் அவர் இல்லை. அவளுக்கு மட்டும் அந்த ஒரு நொடி அவர் உயிரோடு இருந்தார், உள்ளே படுத்திருந்தார், இன்னும் கொஞ்ச நேரத்தில் போய்ப் பார்க்கலாம் என்றிருந்தது. சர்ஜன் கொடுக்க முடியாததை, அவளுடைய அக்கா கொடுக்க முடியாததை, நான் கொடுத்தேன்.

அவள் இதுவரை நன்றி சொல்லவில்லை. பரவாயில்லை. சொந்தத்துக்குள் அதையெல்லாம் நான் எதிர்பார்ப்பதில்லை.